குரூப் போட்டோவுக்கு எந்தப் புடவை?

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கிளம்பற நேரம் பார்த்து ஒரு மெயில் வந்துச்சு. பேங்க்கோட ஸ்தாபக தினம் வருது, ரீஜனல் ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து குரூப் போட்டோ எடுக்கணும், அது ஹவுஸ் மேகசின்ல வரும். இதெல்லாம் வருஷா வருஷம் நடக்கறதுதான். கடைசி வரியிலதான் குண்டு இருந்துச்சு. உடை: ஆண், பெண் எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை, கறுப்பு பிளேசர்.

பிளேசரா! இருபது வருஷமா புடவையும் சுடிதாருமா டெபிட், கிரெடிட் பார்த்துக்கிட்டு ஓடிட்டிருக்கற வண்டி இது. ஆனாலும் மேலிடத்து உத்தரவாச்சே. அந்த ஞாயித்துக்கிழமையே கமர்ஷியல் ஸ்ட்ரீட் போய் ஒண்ணு வாங்கியாச்சு. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ரங்கமணி பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கி, "வக்கீல் மாதிரி இருக்கே"ன்னார். சரி, பாராட்டுன்னு எடுத்துக்கலாம்னு நெனைக்கறதுக்குள்ள பொண்ணு சொல்றா, "ஆமாம்மா, கேஸ் தோத்த வக்கீல்." :-)

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. இந்த ஊர்ல டை கட்டிக்கிட்டுத் திரிஞ்ச சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க எல்லாம் அதைக் கழட்டிப் போட்டு வருஷக் கணக்காச்சு. வெள்ளிக்கிழமை மட்டும் சாதாரண உடைன்னு வச்சிருந்த இன்போசிஸே 2015ல வாரம் முழுக்க அப்படி வரலாம்னு விட்டுடுச்சு. அவங்க கழட்டினதை இப்ப நாங்க மாட்டிக்கறோம்.

போட்டோவுக்கு என்ன போட்டுக்கறதுங்கறது இந்த ஊருக்குப் புதுக் கவலையும் இல்ல. விஸ்வேஸ்வரய்யா படத்தைப் பார்த்திருப்பீங்க. மைசூர் திவானா இருந்தவர். 1913ல மைசூர் பேங்க் ஆரம்பிக்கக் காரணமா இருந்தவர். அதுதான் பின்னாடி ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூரா ஆகி, 2017 ஏப்ரல் 1லேர்ந்து எஸ்.பி.ஐ.யோட சேர்ந்துடுச்சு. அவர் படத்துல கோட்டு, டை எல்லாம் கச்சிதமா இருக்கும். தலையில மட்டும் மைசூர் பேட்டா. கழுத்துக்குக் கீழே லண்டன், மேலே மைசூர்! தான் யாருன்னு காட்டிக்கணும்னு யோசிச்சு உடுத்தின மனுஷன்.

எனக்கும் குரூப் போட்டோவுக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

சொந்த ஊர் சின்னாளபட்டி. சேலம், கரூர் வழியா ஒரு ராத்திரி பஸ் பிரயாணம். சுங்குடிப் புடவைக்குப் பேர் போன ஊர். சுங்குடின்னா தெரியும்தானே? துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால முடிச்சுப் போட்டுச் சாயத்துல முக்குவாங்க. முடிச்சை அவுத்தா அந்த இடத்துல மட்டும் சாயம் ஏறாம புள்ளி புள்ளியா நிக்கும். இத்தனை கலருக்கு நடுவுல வளர்ந்தும் எனக்குன்னு அம்மா எடுத்துத் தர்றது ரெண்டே கலர்தான். ஒண்ணு சந்தனம், இன்னொண்ணு இளம் ரோஸ். "நம்ம நெறத்துக்கு அடிக்கிற கலரெல்லாம் எடுக்காது பாப்பா. கிளிப்பச்சையெல்லாம் செவப்பா இருக்கறவளுக்குத்தான்." அம்மாவும் என் நிறந்தான். அவங்களுக்கு அவங்க அம்மா சொன்னது அது.

பி.காம். முடிச்சு, பரீட்சை மேல பரீட்சை எழுதி 2005ல பேங்க் வேலை கெடைச்சுது. முதல் பிராஞ்ச்சுல மேனேஜர் ரிட்டயர் ஆனப்ப ஒரு குரூப் போட்டோ எடுத்தாங்க. உச்சி வெயில். பிராஞ்ச் வாசல்ல புதுசா சுண்ணாம்பு அடிச்ச சுவர். ஆம்பளைங்க எல்லாரும் வெள்ளைச் சட்டை. நான் அம்மா குடுத்த சந்தனக் கலர் புடவையில, கோடி வரைக்கும் மல்லிப்பூ வச்சுக்கிட்டு, இருக்கற பல்லையெல்லாம் காட்டிச் சிரிச்சேன். பெரிசாப் போட்டு லேமினேட் பண்ணி ஆளுக்கொண்ணு குடுத்தாங்க.

ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். பக்கத்து வீட்டு அத்தை வாங்கிப் பார்த்துட்டுக் கேட்டாங்க, "இதுல நீ எங்க?"

நான் விரல் வச்சுக் காட்டினேன். புடவை இருந்துச்சு, பூ இருந்துச்சு, பல்லு இருந்துச்சு. மூஞ்சி இல்ல. அந்த இடத்துல ஒரு கறுப்புத் திட்டு. நல்லா செவந்த மேனேஜர் மட்டும் கண்ணு மூக்கோட பளிச்சுன்னு இருந்தார். அம்மா ஒண்ணும் சொல்லல. "நல்லாத்தான் இருக்கு"ன்னு வாங்கி அலமாரியில, அரிசி டப்பாவுக்குப் பின்னாடி வச்சுட்டாங்க. என் நிறத்து மேலதான் தப்புன்னு அவங்களும் நெனைச்சாங்க, நானும் நெனைச்சேன். ரொம்ப வருஷத்துக்கு அப்படியே நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.

தப்பு நிறத்து மேல இல்லன்னு பல வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துல போட்டோ எடுக்க வந்தவர் சொல்லித்தான் புரிஞ்சுது. கேமராவுக்கு எது வெள்ளை, எது கறுப்புன்னு தானாத் தெரியாதாம். எதிர்ல இருக்கற எல்லா வெளிச்சத்தையும் கூட்டிச் சராசரி எடுக்கும். அந்தச் சராசரி நடுத்தரமான ஒரு சாம்பல் நிறமா வர்ற அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டும், இல்ல குறைக்கும். 18 சதவீதச் சாம்பல்னு இதுக்குக் கணக்கே உண்டு. எதிர்ல வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை, சந்தனப் புடவைன்னு நின்னா, "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்"னு நெனைச்சு அது குறைச்சிடும். அதுல மொதல்ல அடிபடறது கறுப்பு மூஞ்சிங்க.

நம்ம பாஷையில சொன்னா, ஒரே ஒரு கோடீஸ்வரர் கணக்கு இருந்தாப் போதும், பிராஞ்சோட சராசரி இருப்பு எகிறிடும். ஜீரோ பேலன்ஸ் கணக்குக்காரங்க அந்தச் சராசரிக்குள்ள காணாமப் போயிடுவாங்க. நான் ஜீரோ பேலன்ஸ் கணக்கு. அவ்வளவுதான்.

பிலிம் காலத்துல இன்னொரு கூத்தும் இருந்திருக்கு. கோடாக் கம்பெனி லேப்களுக்கு ஒரு அட்டை அனுப்புமாம், 'ஷெர்லி அட்டை'ன்னு. அதுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு படம் இருக்கும். அவ தோல் சரியா வந்தா கலர் சரின்னு அர்த்தம். 1950கள்லேர்ந்து பல வருஷம் இதுதான் அளவுகோல். கனடாவுல லோர்னா ராத்னு ஒரு ஆய்வாளர் 2009ல இதைப் பத்தி விரிவா எழுதியிருக்காங்க. கறுப்புத் தோலு சரியா விழலேங்கறதுக்காக முதல்ல கம்பெனி அசைஞ்சு குடுக்கலையாம். மர ஃபர்னிச்சர் விக்கறவங்களும் சாக்லேட் விக்கறவங்களும், எங்க சரக்கோட பழுப்பு சரியா வரலேன்னு புகார் பண்ணினது அதுக்கு ஒரு முக்கியக் காரணமாம். சாக்லேட் கேட்டுத்தான் நமக்குக் கெடைச்சிருக்கு பாருங்க! இப்பதான் போன்லயே எல்லாத் தோலையும் கணக்குல எடுத்துக்கற மாதிரி ஏற்பாடு பண்றாங்க. கூகிள் 2021ல பிக்சல் 6ல 'ரியல் டோன்'னு அதுக்குன்னே பேர் வச்சு விட்டுச்சு.

அந்தக் கல்யாணப் போட்டோக்காரர் சொன்னதுல மனசுல நின்ன இன்னும் ரெண்டு மூணு விஷயம், உங்களுக்கும் உதவும். குரூப் போட்டோன்னா மொத்தக் கூட்டமும் வெள்ளையும் வேண்டாம், மொத்தமும் கறுப்பும் வேண்டாம். மெரூன், நீலம், பாட்டில் பச்சை, மாம்பழ மஞ்சள் மாதிரி நடுவாந்தரக் கலர் நல்லது. ரொம்ப நெருக்கமான கோடு, பொடிக் கட்டம் போட்ட சட்டை வேண்டாம். கேமரா சென்சார்லயும் புள்ளிங்களைக் கட்டம் கட்டமாத்தான் அடுக்கி வச்சிருக்காங்க. துணியோட கோடும் அந்தக் கட்டமும் மோதிக்கிட்டா, சட்டையில இல்லாத ஒரு அலை படத்துல ஓடும். மோரேன்னு பேரு. ரெண்டு கொசுவலையை ஒண்ணு மேல ஒண்ணா வச்சு அசைச்சுப் பாருங்க, அதேதான். அப்புறம், உச்சி வெயில்ல நிக்காதீங்க. நல்ல வெளிச்சமான நிழலா பார்த்து நில்லுங்க.

இவ்வளவு ஞானமும் மனசுல இருந்தும், பிளேசர் மெயில் வந்தப்ப நான் வாயைத் திறக்கல. போய் வாங்கிட்டுத்தான் வந்தேன். வாயைத் திறக்க வச்சது வேற.

திங்கக்கிழமை காலையில, எங்க மாடியைப் பெருக்கித் துடைக்கற அக்கா என் மேசைகிட்ட வந்து நின்னாங்க. கோலார் பக்கத்துக்காரங்க. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூணும் ஒரே வாக்கியத்துல வரும். கையில துடைப்பம், மூஞ்சியில ஒரு வெக்கம். "மேடம், போட்டோக்கு நானு யாவ சீரெ உடலி?" எந்தப் புடவை கட்டிக்கட்டும்னு கேக்கறாங்க. எல்லாரும் போட்டோ எடுக்கறாங்கன்னு அட்டெண்டர் சொல்லியிருக்கார். எல்லாரும்னா தானும்தான்னு அவங்க எடுத்துக்கிட்டாங்க. வீட்டுல ரெண்டு புடவையை எடுத்து வச்சுட்டு வந்திருக்காங்க.

என்கிட்ட பதில் இல்ல. பிளேசர்னு சொன்னா அவங்களுக்கு எங்கேர்ந்து வரும்? சப் ஸ்டாஃபுக்காவது பேங்க் யூனிபார்ம் குடுக்குது, துவைக்கறதுக்கு வாஷிங் அலவன்ஸும் தருது. இந்த அக்கா கான்ட்ராக்ட்டு. யூனிபார்மும் கெடையாது, பேங்க் ரோல்ல பேரும் கெடையாது. அந்த மெயில்ல 'சப் ஸ்டாஃப் வேண்டாம், துப்புரவு ஆளுங்க வேண்டாம்'னு யாரும் எழுதல. எழுத அவசியமே இல்ல. பிளேசர்னு ஒரு வார்த்தை போட்டாலே போதும், தானா விலகிப் போயிடுவாங்க. நாற்காலி தூக்கிப் போட மட்டும் வருவாங்க.

"நாளைக்குச் சொல்றேன் அக்கா"ன்னேன். கோழைத்தனம்தான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்த ஊர்ல எடுத்த இன்னொரு ஆபீஸ் படம் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2014 செப்டம்பர் 24, மங்கள்யான் செவ்வாயைச் சுத்தி வர ஆரம்பிச்ச நாள். இங்க இஸ்ரோவுல எடுத்த ஏ.எஃப்.பி. படம். பட்டுப் புடவை, தலையில பூ, ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டுச் சிரிக்கற பொம்பளைங்க. உலகமே அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டுச்சு. ராக்கெட் விஞ்ஞானின்னா இப்படியும் இருப்பாங்களான்னு தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க.

அப்புறம் இஸ்ரோ ஒரு விளக்கம் குடுத்துச்சு. படத்துல இருக்கறவங்க நிர்வாகப் பிரிவு ஊழியர்கள், விஞ்ஞானிங்க இல்ல. மங்கள்யான்ல வேலை பார்த்த பெண் விஞ்ஞானிகள் நிறைய பேர் உண்டு, அவங்க அந்த நேரத்துல கட்டுப்பாட்டு அறைக்குள்ள இருந்தாங்கன்னு. உண்மைதான். ரித்து கரிதால், நந்தினி ஹரிநாத் ரெண்டு பேரும் அந்தத் திட்டத்தோட துணை இயக்குநர் பொறுப்புல இருந்தவங்க. அவங்க பேரு உலகத்துக்குத் தெரிய வந்தது ரொம்ப நல்ல விஷயம்.

ஆனா "ஓ, வெறும் அட்மின் ஸ்டாஃப்தானா?"ன்னு என்கிட்டயே சில பேர் சொன்னாங்க. அந்த 'வெறும்' எனக்குச் சுருக்குன்னு தைச்சுது. 450 கோடி ரூபாத் திட்டம் அது. பில்லு பாஸ் பண்ணாம, டெண்டர் ஃபைல் நகராம, மாசக் கடைசியில சம்பளம் ஏறாம எந்த ராக்கெட்டு கெளம்பும்? நான் பி.காம். எனக்கு அந்தப் பொம்பளைங்களைத் தெரியாது, ஆனா அந்த சிரிப்பு தெரியும். மார்ச் 31 ராத்திரி பேலன்ஸ் டேலி ஆனதும் எங்க ஆபீஸ்ல வர்ற சிரிப்பு அதுதான். புடவையைப் பார்த்து ஒசத்தின உலகம், வேலைப் பேரைக் கேட்டதும் எறக்கிடுச்சு. அவங்க சந்தோஷத்துல என்ன பொய் இருந்துச்சு?

அப்படி நெனைச்சுக்கிட்டுப் படுத்தவ, மறுநாள் அக்காகிட்ட என்ன சொல்லப் போறேன்? நானும்தானே 'வெறும்'னு சொல்லப் போறேன்?

செவ்வாய்க்கிழமை எங்க ரீஜனல் ஹெட் கேபினுக்குப் போனேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், நியாயம் பேசற தைரியம் எனக்கு வரல. அதனால வெளிச்சம் பேசினேன். "சார், கறுப்பு பிளேசருக்கு உள்ள வெள்ளைச் சட்டை போட்டா கேமரா திண்டாடும். வெள்ளையைக் காப்பாத்தினா மூஞ்சி போயிடும், மூஞ்சியைக் காப்பாத்தினா வெள்ளை வெளுத்துடும். நல்லா விளக்கு போட்டு எடுக்கறவர்னா சமாளிச்சுடுவார். நம்ம பட்ஜெட்டுக்கு வர்றவர் அஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டுப் போயிடுவார்." போன வருஷத்து மேகசினையும் கையோட கொண்டு போயிருந்தேன். அதுல வெள்ளைச் சட்டைக் கூட்டத்துக்கு நடுவுல சார் நிக்கறார். அவரும் என் நிறந்தான்.

சார் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டுத் திரும்பவும் பார்த்தார். "இதுல நான் எங்க இருக்கேன்னு என் பேத்தி கேட்டா"ன்னார். ஒரு நிமிஷம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அந்த தைரியத்துலதான் மீதியையும் சொன்னேன், அக்கா கேட்ட கேள்வியை. தலையை ஆட்டினார். மத்தியானம் புது மெயில் வந்துச்சு. பிளேசர் வேண்டாம், வெள்ளை வேண்டாம், கலர்ல அவங்கவங்களுக்குப் பிடிச்சது. மாடியில வேலை செய்யற அத்தனை பேரும் வரணும்.

அக்காகிட்டப் போய்ச் சொன்னேன். "ரெண்டு புடவையில எது உங்களுக்குப் பிடிச்சிருக்கோ அது."

போட்டோ அன்னிக்கு அக்கா கட்டிட்டு வந்தது கிளிப்பச்சை! சிவப்புக் கரை. நான் மெரூன்ல சுங்குடி. போட்டோகிராபர் கட்டட நிழல்ல எங்களை நிறுத்திட்டு, "பன்னி, பன்னி, முந்தே பன்னி"ன்னு கூவறார். (இந்த ஊருக்கு வந்த புதுசுல, முன்னாடி வாங்கன்னு இவங்க மரியாதையாக் கூப்பிட்டதுக்கே நான் கோவப்பட்டிருக்கேன். அது தனிக் கதை.) அக்கா கடைசி வரிசை ஓரத்துக்கு நழுவப் பார்த்தாங்க. ஆள் குள்ளம். "அல்லி காணல்லம்மா"ன்னு அவர்தான் இழுத்து ரெண்டாவது வரிசை நடுவுல நிறுத்தினார். எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொல்ல முடியாது. துப்பாக்கி வச்சிருக்கற கார்டு வாசலை விட்டு நகர முடியாதுல்ல, அவர் படத்துல இல்ல. அடுத்த வருஷம் வாசல்லயே எடுத்துடலாம்னு சொல்லி வச்சிருக்கேன்.

மேகசின் போன வாரம் வந்துச்சு. எல்லாருக்கும் கண்ணு மூக்கு வாய் எல்லாம் இருக்கு. அக்கா பக்கத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, படத்துக்குக் கீழே இருக்கற இங்கிலீஷ் என்னன்னு கேட்டாங்க. படிச்சுச் சொன்னேன். 'மண்டல அலுவலக அதிகாரிகள்'னு போட்டிருக்காங்க. "நானூ ஆபீசரா!"ன்னு மாப்பைக் கீழே போட்டுட்டு அப்படி ஒரு சிரிப்பு. அச்சடிச்சவங்க கவனிக்கல. விளக்கம் எதுவும் அனுப்பற உத்தேசம் எனக்கும் இல்ல.

அம்மாவுக்கு வாட்ஸப்ல படத்தை அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்துச்சு. விரலால பெரிசு பண்ணிப் பார்த்திருக்காங்க. "உன் மூஞ்சி நல்லாத் தெரியுது பாப்பா"ன்னாங்க. அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் கிளிப்பச்சை கட்டியிருக்கற பொண்ணு யாரு? நம்ம நெறந்தான். அவளுக்கு என்னமா எடுத்துக் குடுக்குது!"

"எங்க ஆபீசர்ம்மா"ன்னேன்.

உங்க ஆபீஸ்லயும் குரூப் போட்டோன்னு மெயில் வரும். என்ன கலர்னு பார்க்கறதுக்கு முன்னாடி, அந்த உடையை யாரால போட முடியாதுன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

பி.கு.: பிளேசர் பீரோவுல தொங்குது. பெங்களூர் டிசம்பர் குளிருக்கு ஆகும்னு ரங்கமணி சமாதானம் சொல்றார். காசு குடுத்தது நான்தானே, சொல்ல மாட்டாரா பின்ன?